பேப்பரில் வந்த கவுன்

வேலாயி: ...மெதுவா உரிங்க, கிழிச்சிராதீங்க. தண்ணி தொட்டுத் தொட்டு எடுங்க.

மாடசாமி: செவத்துல ஒட்டுன பேப்பரு புள்ள இது. கோயில் சீலையா என்ன?

வேலாயி: ஒங்களுக்கு எல்லாமே எளக்காரந்தான்.

மாடசாமி: தீவாளி வந்தா லயத்து வீடுகள்ல எல்லாரும் பழசு மேல புதுசு ஒட்டுறாக. எம் பொண்டாட்டி மட்டுந்தான் புதுசச் சுருட்டி வச்சிட்டுப் பழச உரிக்கிறா. பூனாகலைத் தோட்டமே சிரிக்கப் போகுது.

வேலாயி: சிரிக்கட்டும். உரிச்சாத்தான் அது கெடைக்கும்.

மாடசாமி: எது?

வேலாயி: தெரியாத மாதிரி கேளுங்க... நம்ம அஞ்சலை வெரல நீட்டிக்கிட்டே இருக்குமே, கவுனு போட்ட பாப்பா படம். கொழும்பு வில்மட் கம்பெனி வெளம்பரம்.

மாடசாமி: ...அத எலி தின்னுருக்கும்.

வேலாயி: காலையில கரப்பான் தின்னுருக்கும்னீங்க.

மாடசாமி: ரெண்டும் பங்கு போட்டுத் தின்னுருக்கும்.

வேலாயி: வெளையாடாதீங்க. பூசாரி சொன்னத நீங்களும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க? வயசுக்கு வராமப் போன புள்ள வீட்டுக்குக் கன்னி தெய்வம். மூணாம் வருசத் தீவாளிக்குத் துணி வச்சுக் கும்பிடணும். அதுவும்... இருக்கையில எதுக்கு ஆசப்பட்டுக் கெடைக்காமப் போச்சோ, அதத்தான் வைக்கணும்னாரு.

மாடசாமி: பண்டாரவளை புஹாரி கடையில நல்ல பாவாடைத் துணி வந்திருக்காம்...

வேலாயி: அது பாவாடைக்கா ஏங்குச்சு? நீங்க உரிங்க. இது மேல ஒட்டினது, போன வருசத்துப் பேப்பரு. இப்பல்லாம் போட்டோ புடிச்சே போட்டுர்றான் பாருங்க. சீலை கட்டிக்கிட்டு நெசமாவே ஒருத்தி நிக்கிறா.

மாடசாமி: அதுக்குக் கீழ தொரை பங்களாவுல இருந்து வந்த இங்கிலீசு பேப்பரு. தொப்பியும் கையுறையுமா இருக்கு. கொழும்பு வெயில்ல கையுறை எவளுக்கு? இங்க பனியில கொழுந்து பறிக்கிறவளுக்குக் குடுத்தாலும் புண்ணியம்.

வேலாயி: பக்கம் பூரா ஒரே கடை. ஊசியில இருந்து கட்டிலு வரைக்கும் அவனே விக்கிறான்... இந்தா, இந்த மூலையில அடி வரைக்கும் பிஞ்சிருச்சு. இது நான் கட்டி வந்த புதுசுல ஒட்டினது. ஒலகச் சண்டக் காலத்துப் பேப்பரு.

மாடசாமி: படமே காணோம்?

வேலாயி: அப்ப ஏது படம்? சரக்கு வந்திருக்குன்னு பொடி எழுத்துல ரெண்டு வரி. அம்புட்டுத்தான்.

மாடசாமி: அதோட விட்டுருக்கலாம். படம் போட்டுல்ல பச்சப் புள்ளைக்கு ஆசயக் காட்டிட்டானுக.

வேலாயி: அந்தப் படத்தப் பாத்துத்தான எம் புள்ள எழுத்துப் படிச்சுச்சு. 'தீபாவளி மலிவு விற்பனை'ன்னு... ஒவ்வொரு எழுத்தா வெரல வச்சு... நில்லுங்க. அது இங்கிலீசு மகாராணி படமா?

மாடசாமி: ம்.

வேலாயி: மகாராணி வந்த வருசம். அப்ப இதுக்குப் பக்கத்துலதான். இந்த எடத்துல மட்டும் ஏன் இம்புட்டுக் கனமா இருக்கு? பேப்பரு மேல பேப்பரா அப்பி வச்சிருக்கீங்க.

மாடசாமி: ஓதம் ஏறுச்சு. ஒட்டினேன்.

வேலாயி: பொய் சொல்லாதீங்க. பதுளை ஆஸ்பத்திரியில சின்னவனப் பெத்துத் தூக்கிக்கிட்டு வாரேன், அதுக்குள்ள மூடியாச்சு. உள்ள வந்து பாத்தா புள்ளயும் இல்ல, செவத்துல அந்தப் பாப்பாவும் இல்ல.

மாடசாமி: பச்ச ஒடம்புக்காரி... நீ அதப் பாத்தா தாங்குவியா?

வேலாயி: ஒங்களுக்குத் தாங்கலன்னு சொல்லுங்க.

மாடசாமி: ...சரி. எனக்குத்தான் தாங்கல.

வேலாயி: இந்தா... இந்தா இருக்கு பாருங்க. படத்துப் பாப்பா வாயில ஓட்ட. எனக்கு ஒரு வா, பாப்பாவுக்கு ஒரு வான்னு சோத்த அப்பி அப்பி... பருக்கைக்கு வந்த எலி வாயக் கடிச்சிட்டுப் போயிருச்சு. அன்னைக்கு எம்புட்டு அழுதுச்சு.

மாடசாமி: போதும் புள்ள. மடிச்சு வையி.

வேலாயி: மடிக்கவா இம்புட்டுப் பாடுபட்டேன்? நாளைக்கு ஆபீசு கனகசுந்தரம் கிளாக்கரையாகிட்ட எடுத்துக்கிட்டுப் போறேன். இங்கிலீசுல கம்பெனிக்கு எழுதித் தருவாரு. இதே கவுனத் தபால்ல அனுப்பச் சொல்லி.

மாடசாமி: வேணாம்.

வேலாயி: ஏன்?

மாடசாமி: இப்ப அந்த மாதிரி வராது. சொன்னாக் கேளு, பாவாடை எடுப்போம்.

வேலாயி: ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காதீங்க. மூணு வருசமா நெஞ்சுல கெடக்கு.

மாடசாமி: கேளு.

வேலாயி: அன்னைக்கு அஞ்சலை கேட்டப்ப, கம்பெனிக்கு நீங்க எழுதச் சொல்லவே இல்லதான?

மாடசாமி: என்னா புள்ள பேசுற...

வேலாயி: எழுதியாச்சு, வந்துரும் வந்துரும்னீங்க. நானும் அதுகிட்ட, நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு... காச்சல்ல கெடக்கையிலயும் அதத்தான் சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுனு வரவே இல்ல. வெளிய கம்பெனிக்காரனத் திட்டிக்கிட்டு, உள்ளுக்குள்ள ஒங்களத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்.

மாடசாமி: என்னைய எம்புட்டு வேணாலும் திட்டு. அவன ஏசாத. அவன் நல்ல சரக்குத்தான் விக்கிறான். பூப்போல துணி, கழுத்துச் சுத்தி வலையாட்டம் பின்னின ரேந்தை, ரோசாக் கலரு...

வேலாயி: ரோசாக் கலரா? பேப்பருல ஏதுங்க கலரு? எல்லாம் கறுப்பு மையிதான.

மாடசாமி: கிளாக்கரையா... படிச்சுச் சொன்னாரு.

வேலாயி: நானுந்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். 'பல நிறங்களில்'னுதான் போட்டிருக்கான். ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? ...இங்க பாருங்க. என் மூஞ்சியப் பாருங்க.

மாடசாமி: விடு வேலாயி.

வேலாயி: கடைசியாப் போகையில அதுக்கு என்னா போட்டு விட்டீங்கன்னு கேட்டப்பல்லாம், பழைய நீலச் சட்டைன்னுதான சொன்னீங்க?

மாடசாமி: ...காலையில கண்ண மூடிருச்சு. மத்தியானம் தபால்காரரு பார்சலோட வந்து வாசல்ல நிக்கிறாரு. ஒரு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதான்னு நீ காலம் பூரா அழுவியேன்னுதான் சொல்லல. நாந்தான் மாட்டி விட்டேன் புள்ள. வளர்ற புள்ள, ரெண்டு தீவாளிக்குப் போடட்டும், பெரிய அளவா எழுதச் சொல்லுங்கன்னு நீதான சொல்லி விட்ட... குழிக்குள்ள வைக்கையில பாதங்கூட வெளிய தெரியல. அம்புட்டுப் பெரிசா இருந்துச்சு.