தமன்ஹூருக்கு மாற்றல்

— இன்னும் அரைமணி நேரம் உக்காந்திருந்தா படம் முடிஞ்சிருக்கும், இன்ஷிராஹ். பாதியில எழுந்து வர்ற பழக்கம் உனக்கு அறுபத்தி நாலு வயசுலயும் போகல.

— என் கண்ணே தஹானி, அந்த ஹீரோவுக்கும் நம்ம வயசுதான் இருக்கும். காலேஜ் படிக்கிறானாம். காதலி வீடு நாலாவது மாடி. அவன் ஏற ஏற எனக்கு மூச்சு வாங்குச்சு. விழுந்து கிழுந்து வச்சான்னா பாத்த பாவம் நமக்கு எதுக்குன்னுதான் எழுந்துட்டேன்.

— கடைசியில ரெண்டு பேரும் சேந்தாங்களா இல்லையான்னு தெரியணும் எனக்கு.

— சேந்திருப்பாங்க. சேந்து டாக்டர்கிட்ட போயிருப்பாங்க. வா, இந்தச் சுவர்ல உக்காருவோம். இந்தப் பக்கம் கடல்காத்து குறைவு. கிழங்கு சூடா இருக்கு, பிடி.

— தோலை உரிச்சுக் குடு. விரல் சுடுது.

— நாற்பது வருஷமா நான்தான் உரிச்சுக் குடுக்கிறேன். நியாயமா பாத்தா உன் மருமக சீதனத்தோட ஒரு தோல் உரிக்கிறவளையும் சேத்துக் கூட்டிட்டு வந்திருக்கணும்.

— அவ பாவம், சும்மா இரு. அவ சமைச்சதையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புறா.

— போட்டோவைத் தின்ன முடியுமாடி?

— அவ அன்பு அப்படி. பாரு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு வழி.

— எனக்கு அந்த வழியெல்லாம் புரியல. என் பேரன் போன்ல பேசறதே இல்ல. குரலைப் பதிஞ்சு அனுப்புறான். நான் கேட்டுட்டு என் குரலைப் பதிஞ்சு அனுப்பணுமாம். அவன் அதைச் சாயங்காலம் கேட்பானாம். இது பேச்சா, கடுதாசியா? முப்பது வருஷம் காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஊரையும் ஊரையும் இணைச்சுவிட்டோமே, இதுக்குத்தானா?

— அப்போ மட்டும் என்ன? ஒரு டிரங்க் காலுக்கு ரெண்டு மணி நேரம் காத்திருந்து, லைன் கிடைச்சதும் "எப்படி இருக்கே, நல்லா இருக்கேன், எப்படி இருக்கே"ன்னு மூணு நிமிஷத்தையும் அதுலயே கரைப்பாங்க.

— ஆனா காத்திருந்தாங்கல்ல. தந்தா ஊர்ல இருந்து ஒரு பருத்தி வியாபாரி திங்கக்கிழமை தவறாம அவங்க அம்மாவைக் கூப்பிடுவாரே, ஞாபகம் இருக்கா? அந்தம்மாவுக்குக் காது கேக்காது. அவர் கத்துறதை அப்படியே நான் நடுவுல நின்னு திருப்பிக் கத்துவேன். "உங்க பையன் சாப்பிட்டானாம்மா." எக்ஸ்சேஞ்ச் முழுக்க சிரிக்கும்.

— நீ அதோட விடலயே. "உங்க பையன் மெலிஞ்சுட்டானாம், உங்க கையால சாப்பிடணும்னு ஏங்குறானாம்"னு உன் சரக்கையும் சேத்துவிடுவ.

— அவர் மனசுல இருந்ததைத்தானே சொன்னேன். அந்த வேலையில எனக்குப் பிடிச்சதே அதுதான். இந்த சினிமாக்காரங்களுக்கு அது எங்க தெரியுது? படத்துல ஆபரேட்டர்னா நகத்துக்குப் பாலிஷ் போடணும், சூயிங்கம் மெல்லணும், அடுத்தவ குடும்பத்தை ஒட்டுக் கேக்கணும். அவ்வளவுதான்.

— நீ ஒட்டுக் கேட்டியே.

— கேட்டேன். ஆனா சூயிங்கம் மெல்லல. சூரியகாந்தி விதை கொறிச்சேன். அது வேற.

— அல்லா உன் வாயை நல்லா வச்சிருக்கட்டும். சிரிக்க வச்சே கொல்லுற.

— ஏன்டி, சிரிச்சுட்டுக் கண்ணைத் துடைக்கிற?

— காத்து.

— இந்தப் பக்கம் காத்து இல்லைன்னுதானே உக்கார வச்சேன்.

— இன்ஷிராஹ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். படம் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேன். நீ பாதியிலயே எழுந்து வந்துட்ட.

— சொல்லு.

— ஞாயித்துக்கிழமை நான் மாண்ட்ரியலுக்குப் போறேன். ஹாஸெம் வீட்டுக்கு.

— எவ்வளவு நாளைக்கு?

— வீட்டைக் காலி பண்ணிட்டேன்.

— ம்.

— ம்னா?

— ஜூன் மாசம் நீ ஒரு கம்பளிக் கோட்டு வாங்கின. அலெக்ஸாந்திரியாவுல ஜூன் வெயில்ல கம்பளிக் கோட்டு வாங்குறவ எங்க போவா? எனக்கு அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு அஞ்சு மாசமா காத்துட்டு இருந்தேன்.

— ஒவ்வொரு வியாழக்கிழமையும் சொல்லத்தான் வந்தேன். படம் நல்லா இருந்தா மனசு வரல. மோசமா இருந்தா நீ திட்டுறதைக் கேட்டு நேரம் போயிடும்.

— அப்போ இன்னிக்குப் படம் ரொம்ப மோசம்.

— கோவமா?

— கோவம் என்ன? பெத்த பிள்ளை கூப்பிடுறான். நான் யாரு தடுக்க? முழங்கால் வலியோட அந்த மூணு மாடியை எத்தனை நாள் ஏறுவ? போ. பனியில வழுக்கி விழாத. அந்த ஊர்ல ஈரல் சாண்ட்விச் கிடைக்காதாம், இங்கயே ரெண்டு நாள் வயிறாரத் தின்னுட்டுப் போ.

— இன்னொண்ணும் இருக்கு.

— இன்னொரு மகனா?

— விளையாடாத. தயவுபண்ணி, நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசாம இரு. உன்னால முடியாது, இருந்தாலும் இரு.

— சரி. வாயில கிழங்கு இருக்கு. சொல்லு.

— எண்பத்தேழுல நாம டியூட்டியில இருந்து நழுவி மதியக் காட்சிக்குப் போவோமே. மேஜையில கைப்பையை வச்சுட்டு, கழிவறைக்குப் போன மாதிரி காட்டிட்டு.

— அந்தக் கைப்பை நம்மளைவிட ஒழுங்கா வேலை பாத்துச்சு.

— பேசாம இருன்னேன். மார்ச் மாசம், ஒரு வியாழன். தியேட்டர் வாசல் வரைக்கும் வந்துட்டு நான் திரும்பிப் போனேன், மூக்குக் கண்ணாடியை மறந்துட்டேன்னு. உள்ள நுழையறேன், நம்ம மேலதிகாரி உஸ்தாத் வஹ்பி என் நாற்காலி பக்கத்துல நிக்கிறாரு. தலைமை ஆபீஸ்ல இருந்து சோதனைக்கு வந்த ஆளும் கூட. நம்ம ரெண்டு பேரோட ஸ்விட்ச்போர்டுலயும் விளக்கு மின்னிக்கிட்டே இருக்கு, எடுக்க ஆள் இல்ல. வஹ்பி கேட்டாரு, ரெண்டு பேரும் எங்க போனீங்கன்னு.

— ம்.

— நான் சொன்னேன், "நான் கழிவறைக்குப் போனேன், இன்ஷிராஹ் சினிமாவுக்குப் போயிருக்கா"ன்னு. சொன்னது மட்டும் இல்ல. எழுதிக் கையெழுத்துப் போடுன்னாரு. போட்டேன். என் கையெழுத்து அவ்வளவு அழகா அதுக்கு முன்னாடியும் வந்ததில்ல, பின்னாடியும் வந்ததில்ல.

— ம்.

— அடுத்த வாரம் உனக்குத் தமன்ஹூருக்கு மாற்றல் ஆர்டர் வந்துச்சு. நீ காகிதத்தை மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிட்டு, "பரவால்ல, தினம் ரயில்ல கடலை கொறிக்கலாம்"னு சொன்ன. என்னைப் பாத்து ஒரு வார்த்தை கேக்கல. மூணு வருஷம், விடியறதுக்கு முன்னாடி எழுந்து ரயில் பிடிச்ச. சீனியாரிட்டி போச்சு. சூப்பர்வைசர் பதவி நியாயமா உனக்கு வரவேண்டியது. அதுல நான் உக்காந்தேன். அந்த நாற்காலியில பதினாறு வருஷம், இன்ஷிராஹ். ஒரு நாள் கூட முதுகைச் சாய்ச்சு உக்காந்ததில்ல.

— அதான் உனக்கு முதுகுவலி.

— இன்ஷிராஹ்.

— சரி. முடிச்சிட்டியா?

— இன்னும் இல்ல. நீ போன முதல் வியாழக்கிழமை சாயங்காலம், சீதி காபர் ஸ்டேஷன்ல உனக்காக வந்து நின்னேனே. ஏன்னு தெரியுமா? மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். நீ இறங்கி வந்த. முகமெல்லாம் தூசி. வாய் வரல. "ஆறு மணிக் காட்சிக்குப் போலாமா"ன்னு கேட்டுட்டேன். அடுத்த வியாழனும் அதே. அதுக்கு அடுத்ததும். முப்பத்தாறு வருஷம் ஆயிடுச்சு.

— அப்போ பாவத்தைக் கழுவத்தான் என்னைப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனியா?

— முதல்ல அப்படித்தான்.

— எதுவரைக்கும் முதல்ல?

— என்ன கேள்வி இது?

— எனக்குத் தெரியணும். எத்தனை வியாழன் பாவத்துக்கு வந்த, எத்தனை வியாழன் எனக்காக வந்த?

— அதை எப்படிப் பிரிச்சுச் சொல்றது? உன் புருஷன் ரஃபத் இறந்துபோனானே, அந்த வருஷம் நீ படம் பாக்காம திரையைப் பாத்துட்டு உக்காந்திருப்ப. நான் உன்னைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன். அப்போ நான் மன்னிப்பைப் பத்தியெல்லாம் நினைக்கல. நீ சிரிச்சாப் போதும்னு இருந்துச்சு. அதுக்கு முன்னாடியே கூட இருக்கலாம். தெரியல.

— ரஃபத் உன்னை "வியாழக்கிழமை"ன்னே கூப்பிடுவான், தெரியுமா? "உன் வியாழக்கிழமை வந்துட்டா, கிளம்பு"ம்பான்.

— ஒரே ஒரு ஆறுதல் எனக்கு அவன்தான். நான் செஞ்ச துரோகத்துல உனக்கு ஒரு நல்ல மனுஷன் கிடைச்சான். தமன்ஹூர் எக்ஸ்சேஞ்சுக்கு நீ போகலைன்னா அவனை எங்க பாத்திருப்ப? அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் தூங்குவேன்.

— தூக்கம் வந்துச்சா?

— சில நாள். ஏதாவது சொல்லு. திட்டு. இதைத் தூக்கிக்கிட்டு என்னால பிளேன் ஏற முடியாது.

— அப்போ ஏறாத.

— இன்ஷிராஹ், கெஞ்சிக் கேக்கிறேன்.

— உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லடி.

— உனக்கு இல்லாம வேற யாருக்கு?

— நீ கையெழுத்துப் போட்டது மார்ச்சுல. வஹ்பி அதை என்கிட்டயே காட்டினாரு. எனக்கு ஒரு நாள் சம்பளத்தைப் பிடிச்சுட்டு, "இனிமே போறதுன்னா நல்ல படமா பாத்துப் போ"ன்னாரு. விஷயம் அதோட முடிஞ்சுது.

— முடிஞ்சுதா? அப்புறம் மாற்றல்?

— அதுக்கு ஜனவரியிலயே மனு போட்டாச்சு.

— யாரு?

— நான்தான். தமன்ஹூருக்கு மாத்துங்கன்னு என் கைப்பட எழுதிக் குடுத்தேன். ஆர்டர் வர ரெண்டு மாசம் ஆச்சு. உன் கையெழுத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

— புரியல. அலெக்ஸாந்திரியாவை விட்டுட்டு எவளாவது அந்த ஊரைக் கேட்டு வாங்குவாளா? அங்க உனக்கு யாரு இருந்தா?

— லைன்ல ஒருத்தன் இருந்தான், அந்த ஊர் ஆபரேட்டர். தினம் காலையில "தமன்ஹூர் பேசறேன், அலெக்ஸாந்திரியாவுல கடல் எப்படி இருக்கு?"ன்னு கேப்பான். ஏழு மாசம் கேட்டான். மூஞ்சியைப் பாத்ததில்ல, கல்யாணம் ஆனவனா, கிழவனான்னு தெரியாது. குரலை நம்பி ஊரு மாறப் போறேன்னு உன்கிட்ட சொன்னா, நீ நியாயம் பேசி என்னை உக்கார வச்சிருப்ப.

— ரஃபத்தா?

— ரஃபத்துதான்.

— அப்போ முப்பத்தாறு வருஷம். என்னை ஏன்டி இப்படி விட்ட? நான் ராத்திரியெல்லாம்... நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே.

— முதல் வியாழக்கிழமையே சொல்லிடணும்னுதான் ரயில்ல இருந்து இறங்கினேன். நீ கண்ணெல்லாம் சிவந்து பிளாட்பாரத்துல நின்ன. எனக்காக அதுவரைக்கும் ஒருத்தரும் ஸ்டேஷன்ல வந்து நின்னதில்ல, தஹானி. உன் மனசுல என்ன உறுத்துதுன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லி எடுத்துட்டா அடுத்த வாரம் நீ வரமாட்டியோன்னு பயந்தேன். அந்தப் பயத்துலயே ஒவ்வொரு வியாழனும் வாயை மூடிக்கிட்டேன். வர்ற வியாழன் நீ எப்படியும் வரப்போறதில்ல. அதான் இன்னிக்குச் சொல்ல முடிஞ்சுது.