மூச்சு முட்டிய லாரி

— பூமிநாதா, சாவியை வச்சிட்டுப் போயிரு. டீசலைத் திருடி விக்கிறவன் எனக்கு டிரைவரா வேண்டாம்.

— சத்தியமாச் சொல்றேன் மொதலாளி, ஒரு சொட்டு எடுக்கலை. சரக்கு ஏத்துனா லாரி இழுக்க மாட்டேங்குது. டீசலை மட்டும் குடிக்குது. நான் என்ன செய்ய?

— பொறுங்க அய்யா, பொறுங்க. மெக்கானிக்குன்னு நான் ஒருத்தன் இருக்கேன்ல? பார்த்துட்டுப் பேசுவோம். பூமி, ஸ்டார்ட் பண்ணி நல்லா மிதி.

— மிதிச்சுட்டேன் அந்தோணியண்ணே.

— புகையைப் பார்த்தீகளா அய்யா? அடுப்புக்கரி கணக்கா இருக்கு. டீசல் களவு போகலை. எரியாம புகையாப் போகுது.

— ம்க்கும். ரெண்டு பேரும் கூட்டா?

— பொறுங்கய்யா. பூமி, எப்பருந்து இப்படி?

— ஐப்பசியில மொதலாளி மக பொன்னழகுக்குப் பிரசவ வலி கண்டுச்சுல்ல? கொட்டுற மழையில, நேமத்தான்பட்டியிலருந்து மதுரை ஆஸ்பத்திரிக்கு இதுலதான் கொண்டுபோனேன். பறந்துச்சுண்ணே! அடுத்த வாரத்துலருந்துதான் மந்தம். ரெயில்வே கேட்டு மேட்டுல மொத கியருலயே திணறுது.

— அப்ப காத்து உள்ள போற வழியைப் பார்ப்போம். இந்தக் குழாயைக் கழட்டுறேன்... மாதாவே! துணிய்யா! இழுக்க இழுக்க வருது!

— நான் வைக்கலைண்ணே!

— நீ வச்சேன்னு யாரு சொன்னா? குழா வாயில யாரோ கட்டியிருக்காக. இஞ்சின் உள்ள இழுத்துக்கிருச்சு. காத்து இல்லாம டீசல் எப்படி எரியும்?

— எம் மானத்தைக் காப்பாத்துனீக அண்ணே. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.

— பொறு, மண்ணெண்ணெயில அலசிப் பார்ப்போம்... மஞ்சத்துணி. ஓரத்துல திருநீறு முடிஞ்சிருக்கு. ஒம் பொண்டாட்டி வேலையா?

— காளியாயிக்குப் பானெட்டு எங்குட்டுத் திறக்கும்னே தெரியாதுண்ணே.

— அய்யா, என்ன அப்படியே உக்காந்துட்டீக? தண்ணி வேணுமா?

— வேண்டாம். பூமிநாதா, சாவியை எடுத்துக்க.

— மொதலாளி! நீங்க எதுக்கு அழுகுறீக?

— எம் மகளையும் பேரனையும் மீட்டுக் குடுத்தவன்டா நீ. ஓடுற வண்டியில ஒனக்கு ஒரு குறை வந்துரக்கூடாதுன்னு குன்றக்குடியில வேண்டிக்கிட்டு, வெளிய கட்டுனா காத்துல பறந்துரும்னு, அந்தத் துணியை அங்குட்டுக் கட்டுனதே நாந்தான்.