மூடி திறந்தால் ஓடாது

எந்தச் சாமான் வாங்கினாலும் அது வந்த பெட்டியை நான் தூக்கிப் போடுவதில்லை. எங்கள் வீட்டுப் பரணில் பதினேழு காலிப் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் மூன்றின் சாமான்கள் ஆயுள் முடிந்து பழைய இரும்புக்காரரிடம் போய் வருஷக்கணக்காகிறது. பெட்டிகள் மட்டும் வாரிசுகளைப் போல உட்கார்ந்திருக்கின்றன. "ஏங்க, இதுக்குள்ள குடித்தனம் நடத்தப் போறீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். இப்போது கேட்பதில்லை.

மேடம், போன மாதம் நுகர்வோர் மன்றத்தில் நீங்கள் தீர்ப்புச் சொன்ன மிக்ஸி வழக்கில், உங்கள் மேசைமேல் நான் வைத்த பெட்டியும் அந்தப் பரணிலிருந்து இறங்கியதுதான். ஒரு மூலை நசுங்கவில்லை, ஒரு ஸ்டிக்கர் உரியவில்லை. "இவ்வளவு பத்திரமா யாரும் வச்சிருந்து நான் பாத்ததில்லை" என்றீர்கள். அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் இதை எழுதுகிறேன். நான் திருப்பிக் கொடுக்க வேண்டியவற்றில் அதுதான் ஆகச் சிறியது.

முப்பத்தொரு வருஷம் பம்பு செய்யும் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தேன். என்னிடம் இரண்டு ரப்பர் முத்திரைகள் இருந்தன. ஒன்று 'தேறியது', இன்னொன்று 'தேறாதது'. ஓய்வு பெற்ற அன்று முத்திரைகளை வாங்கி வைத்துக்கொண்டு கைக்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். கை சும்மா இருக்குமா. தெருவில் குப்பை வண்டி நேரம் தவறினால் கடிதம், தண்ணீர் வரி ரசீதில் தேதி மங்கினால் கடிதம். அக்கம்பக்கத்தில் எனக்குச் சட்டப்புலி என்று பெயர். வெகுநாள் அதைப் புகழ்ச்சி என்றே நினைத்திருந்தேன்.

மிக்ஸி விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: 'பாதுகாப்புப் பூட்டு. மூடி திறந்தால் ஓடாது.' முதல் நாள் என் மனைவி மிளகாயும் பூண்டும் போட்டு, மூடியைச் சரியாக அழுத்தாமல் குமிழைத் திருப்பினாள். ஓடியது. விழுது கூரை வரைக்கும் போனது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிக்ஸியைக் கவிழ்த்து அடித்தகட்டைப் பார்த்தேன். மாடல் எண்ணின் கடைசி எழுத்து பெட்டியில் ஒன்று, மிக்ஸியில் வேறொன்று. பூட்டு இல்லாத மாடலுக்குப் பூட்டு உள்ள மாடலின் ஸ்டிக்கர்.

கடைக்குப் போனேன். டை கட்டிய மேனேஜர் பெட்டியைப் பார்த்த கையோடு, "தப்பு எங்க மேலதான் சார். கிடங்குல ஸ்டிக்கர் மாறிப்போச்சு. பூட்டு இருக்கிற பீஸையே எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். ஒரு டீயும் வரவழைத்தார். நியாயமாகப் பார்த்தால் தகராறு அந்த டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிட்டது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மனிதன் தன் பக்கம் நூற்றுக்கு நூறு நியாயத்தோடு வீட்டை விட்டுக் கிளம்புவது வாழ்க்கையில் எத்தனை முறை வாய்க்கிறது? அதை ஒரு டீக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

வாயால் சொன்னதைக் கடையின் கடிதத்தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன். தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்றார். தலைமை அலுவலகம் 'தங்களின் மேலான கருத்துக்கு நன்றி' என்று பதில் போட்டது. மன்னிப்பை எதிர்பார்த்தவனுக்கு நன்றி வந்தால் எப்படி இருக்கும். பதினொரு பக்கத்தில் உங்கள் மன்றத்துக்கு மனு எழுதினேன்.

வழக்கு முடியும்வரை மிக்ஸியை யாரும் தொடக்கூடாது என்று ஒரு சிவப்பு அட்டையில் 'சான்றுப் பொருள்' என்று எழுதி அதன் கழுத்தில் கட்டினேன். என் மனைவி ஒரு மாதம் பக்கத்து வீட்டில் போய் அரைத்துக்கொண்டு வந்தாள். "உங்க வீட்டு மிக்ஸி ஜெயில்ல இருக்காமே" என்று அந்த வீட்டுக்காரி சிரித்தாளாம்.

முதல் விசாரணை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பதினொரு பக்கத்தையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி, "இதனால உங்களுக்கு என்ன பாதிப்பு ஏற்பட்டுச்சு?" என்று கேட்டீர்கள். மன உளைச்சல் என்றேன். "அது இங்க வர்ற எல்லாருக்கும் இருக்கு சார், எனக்கும் இருக்கு" என்றீர்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அடுத்த தவணைக்குள் பாதிப்புக்குச் சான்று இருந்தால் கொண்டு வரலாம், இல்லாவிட்டால் கடை தருவதாகச் சொன்ன மாற்று மிக்ஸியை வாங்கிக்கொண்டு வழக்கை முடித்துக்கொள்ளுங்கள் என்று தள்ளி வைத்தீர்கள். வீட்டுக்கு நடந்தே வந்தேன். வழியெல்லாம் அந்தச் சிரிப்பு கூடவே வந்தது.

மேடம், உங்கள் கேள்வியை நான் குறை சொல்லவில்லை. கேள்வி நியாயமானது. அதற்கு நான் தேடிய பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரம் எங்கள் மகளுக்கு உடம்புக்கு முடியவில்லை என்று என் மனைவி அவள் ஊருக்குப் புறப்பட்டாள். அதே வாரம்தான் என் மனைவியின் தங்கை தையல் மிஷினோடு எங்கள் முன்னறைக்குக் குடிவந்தாள். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். சட்டை தைப்பாள். காஜா எடுப்பதில், அதாவது பொத்தான் துளைக்குக் கையால் விளிம்பு கட்டுவதில், அவளை மிஞ்ச ஆள் கிடையாது. துளையைப் பார்த்தால் மிஷின் போட்டதா கை போட்டதா என்று தெரியாது. தெருமுனையில் சின்னக் கடை ஒன்றைப் பேசி வைத்திருந்தாள். "பத்து விரல்தான் மாமா என் முதலாளி. அதுங்க சம்பளம் போட்டாத்தான் எனக்குச் சோறு" என்பாள்.

இரண்டு ஆளுக்கு இனிமேல் அவள்தான் சமைக்க வேண்டும். மிக்ஸியை அவிழ்த்துவிடுங்கள் என்றாள் மனைவி. அட்டையை அவிழ்த்தேன். தங்கைக்குத் தெரிய வேண்டுமே என்று மனைவி ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் 'மூடி திறந்தாலும் ஓடும், ஜாக்கிரதை' என்று கொட்டை எழுத்தில் எழுதி மிக்ஸியின் மேல் ஒட்டிவிட்டுப் பஸ் ஏறினாள்.

தங்கை வந்து சேருவதற்குள், அன்று சாயங்காலமே அந்தச் சீட்டை நான் எடுத்தேன். காரணம் இருந்தது. சான்றுப் பொருளின்மேல் கட்சிக்காரர் எதையும் ஒட்டக்கூடாது. முப்பத்தொரு வருஷப் பழக்கம். எடுத்த சீட்டைக் கிழிக்கவில்லை. எந்தக் காகிதத்தையும் நான் கிழிப்பதில்லை. இத்துடன் இணைத்திருக்கிறேன்.

வந்த இரண்டாம் நாள் பரணிலிருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "மாமா, இது மூடி திறந்தா நின்னுடுமா? பெட்டியில போட்டிருக்கே."

"பெட்டியில போட்டிருக்கு" என்றேன்.

பொய் சொல்லவில்லை. பெட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. கடையோடு எனக்கு என்ன வழக்கு என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். விலைத் தகராறு என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் வீட்டு மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இஸ்திரிப் பெட்டியும் மிக்ஸியும் ஒரே நேரத்தில் ஓடினால் டிரிப்பர் விழுந்து வீடே இருண்டுவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மிக்ஸி போடுகிறவர் உரக்கக் குரல் கொடுக்க வேண்டும், இஸ்திரி போடுகிறவர் உடனே சுவிட்சை அணைக்க வேண்டும். வந்த அன்றே அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவள் அதை ஒரு விளையாட்டாக்கிவிட்டாள். "மாமா, வண்டி கிளம்புது" என்பாள். நான் "போகலாம்" என்பேன். அதன் பிறகுதான் குமிழைத் திருப்புவாள்.

இன்னொரு பழக்கமும் அவளிடம் கவனித்திருந்தேன். கவனிப்பதுதானே என் தொழில். கரண்டு போனால் குமிழைத் திருப்பி அணைக்க மாட்டாள். தையல் மிஷினில் காலை எடுத்தால் போதும், நின்றுவிடும். அணைக்கிற வேலையே அவள் கைக்குக் கிடையாது. மிக்ஸி நின்றால் நின்றபடி விட்டுவிட்டு, மூடியைத் திறந்து, பிளேடில் சிக்கியதை விரலால் நெம்பிவிடுவாள்.

இரண்டாவது விசாரணைக்கு முந்தின நாள் காலை. நான் முன்னறையில் இருந்தேன். மறுநாள் போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைச் சட்டையைத் தேய்க்க அவளுடைய கனமான இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்திருந்தேன். "மாமா, வண்டி கிளம்புது" என்றாள். "போகலாம்" என்றேன். மிக்ஸி ஓடியது. நான் இஸ்திரியின் சுவிட்சைப் போட்டேன். டிரிப்பர் விழுந்தது.

டிரிப்பர் இருப்பது நடையில். அங்கே நின்றால் சமையலறை முழுதும் தெரியும். அவள் முதுகு தெரிந்தது. மூடி மேடைமேல் இருந்தது. வலது கை ஜாருக்குள் இருந்தது. திரும்பிப் பார்க்காமலே, "விழுந்துடுச்சா மாமா? தூக்கி விட்டுடுங்க" என்றாள்.

அவள்தான் தூக்கிவிடச் சொன்னாள். இதைப் பல நாள் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நான் முன்னறைக்குத் திரும்பி நடந்து இஸ்திரியின் பிளக்கைப் பிடுங்கினேன். பிடுங்காமல் தூக்கினால் மறுபடி விழும். எதையும் முறையாகச் செய்கிறவன் நான். திரும்ப வந்தபோதும் கை ஜாருக்குள்தான் இருந்தது. டிரிப்பரைத் தூக்கினேன்.

ஆள்காட்டி விரலும் நடு விரலும், முதல் கணு வரைக்கும்.

ஆட்டோவில் போகும்போது அவள் அழவில்லை. துண்டு சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு, "மூடி திறந்துதானே மாமா இருந்துச்சு, திறந்துதானே இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். மறுநாள் விசாரணையில் நான் புகைப்படங்களைக் கொடுத்தபோது நீங்கள் கண்ணாடியைக் கழற்றவில்லை. பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. தீர்ப்பு நான் கேட்டதைவிட அதிகமாகவே வந்தது. கடையின் கடிதத்தாளில், முதலாளி கையெழுத்தோடு, மன்னிப்பு. அதற்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன்.

குடியிருப்போர் சங்கத்தில் எனக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். 'விழிப்புணர்வு' என்ற தலைப்பில் நாற்பது நிமிடம் பேசினேன். அவளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். பேச்சின் நடுவே அவளை எழுந்திருக்கச் சொல்லி, கட்டுப் போட்ட கையை நானே பிடித்து எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்தினேன். கைதட்டினார்கள். இப்போது அந்த இடத்தை எழுதும்போது என் பேனா ஓடவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "நான் ஒட்டின சீட்டு எங்க?" ஆவி பட்டு விழுந்திருக்கும் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் பரணைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் என்னிடம் எதையும் இரண்டாவது தடவை கேட்பதில்லை.

இதெல்லாம் நடந்தும் நான் எழுத உட்காரவில்லை. போன வாரம் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். பழப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று நின்றார். கிடங்கில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களாம். அதைப் பற்றிப் பேச வரவில்லை. என் மைத்துனியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, "நான் ஒட்டினதும்மா. அவசரத்துல கட்டு மாறிப்போச்சு. இந்தக் கையாலதான் ஒட்டினேன்" என்று தன் கையை நீட்டிக் காட்டினார். அவள் தன் மிச்ச விரல்களால் அந்தக் கையைப் பிடித்து, "விடுங்கண்ணே, யாரு வேணும்னு செய்வாங்க?" என்றாள்.

நான் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஒரே பக்கத்தை, அவர் போகிறவரைக்கும்.

தெருமுனைக் கடை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அவள் இடது கையால் காஜா எடுக்கப் பழகுகிறாள். ஒன்று எடுக்க அரை மணி நேரம் ஆகிறது. பார்த்தால் பல்லி கடித்தது போல இருக்கிறது என்று அவளே சிரிக்கிறாள். ஊசியில் நூல் கோக்க மட்டும் வரவில்லை. காலையில் காப்பி குடித்ததும் என்னிடம் கொண்டு வருவாள். "எனக்காகக் கோர்ட்டு வரைக்கும் போன கை மாமா இது. இது கோத்தாத்தான் நூல் அறாது" என்பாள். நான் நூல் நுனியை எச்சில் தொட்டு முறுக்கி, கோத்துக் கொடுக்கிறேன். தினமும்.

ஸ்டிக்கர்காரரை வேலையில் திரும்பச் சேர்க்க உங்கள் மன்றம் ஆவன செய்ய வேண்டும். மன்னிப்புக் கடிதத்தைச் சட்டத்தோடு அனுப்புகிறேன். பெட்டியும் வரும். எனக்கு வேண்டிய தண்டனையை நீங்கள் முடிவு செய்யுங்கள். அவளிடம் நானே சொல்லிவிடுவேன். முதலில் உங்களிடம் சொல்லிப் பழக வேண்டியிருந்தது.

எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் தவறு இருக்கிறது. அன்று காலை சட்டை தேய்ப்பதற்காக இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்ததாக எழுதியிருக்கிறேன். மனைவியிடமும் அப்படித்தான் சொன்னேன், எனக்கு நானேகூட அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வெள்ளைச் சட்டையை முந்தின நாள் இரவே என் மைத்துனி தேய்த்து, காலர் மடங்காமல், ஆணியில் மாட்டி வைத்திருந்தாள்.