சொந்தக்காரனுக்கு மட்டும்

ரிமோட் காரில் மாட்டும் பழைய ஸ்பீட் கன்ட்ரோலர் பார்க்கப் போவதாக இருந்தால் காலை வெயிலில் போவது நல்லது, மேடம். ட்யூப் லைட் வெளிச்சத்தில் எல்லாமே புதுசு மாதிரி தெரியும். ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால்தான் பெட்டியின் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, யாராவது ஒயரை மாற்றிப் பற்றவைத்திருக்கிறார்களா என்பது கண்ணில் படும். பிறகு மோந்து பார்க்க வேண்டும். ஒருமுறை கருகிய பெட்டி எத்தனை வருஷம் ஆனாலும் அந்த வாசனையை விடாது. பேட்டரியில் மாட்டிப் பார்ப்பது கடைசி வேலை.

நான் எதையும் அவசரப்பட்டுச் செய்கிறவன் இல்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இந்தக் குடும்ப ஆலோசனை மையத்தில், இதே அறையில் உட்கார்ந்து அக்கா உங்களிடம் எனக்காகப் பரிந்து பேசியிருக்கிறாள். தம்பி ஏதோ அவசரத்தில் பண்ணிவிட்டான் என்றாளாம். அது சரியில்லை. நான் நிதானமாகத்தான் செய்தேன்.

உங்களுக்கு ரிமோட் கார் பழக்கம் இருக்காது. முழங்கை நீளக் கார்கள். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு வேகம் போகலாம் என்று முடிவு செய்கிற பெட்டிதான் கன்ட்ரோலர். எங்கள் சங்கத்தில் பழைய கார்களுக்குத் தனிப் பந்தயம் உண்டு. கார் எந்தக் காலத்துடையதோ, உள்ளே இருப்பதும் அந்தக் காலத்ததாகவே இருக்க வேண்டும். யாருக்கு எந்தக் கன்ட்ரோலர் பொருந்தும் என்று கேட்க எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். மேடு பள்ளத்தில் ஓட்டுகிறவருக்கு ரிவர்ஸ் உள்ளதைச் சொல்வேன். வேகம் மட்டும் போதும் என்கிறவருக்கு ரிவர்ஸே இல்லாதது. பின்னால் வர வழியில்லை என்றால் முன்னால் போவதில் ஒரு தனி வீரியம் வந்துவிடும். அச்சகத்தில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நான். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நான் ராஜா.

அப்போதுதான் எக்ஸ்ரேக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர், தனி ஆள். அவரிடம் சூடு தணிக்க நீல அலுமினியச் செதில்கள் வைத்த இரண்டு கன்ட்ரோலர்கள் இருப்பதாகச் சொன்னார்கள். ரிவர்ஸ் இல்லாத ஜாதி. அந்த மாதிரியில் எங்கள் வட்டாரத்தில் வேறு எவரிடமும் ஒன்றுகூட இல்லை.

ஒரு காலை நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். தூசி வராமலிருக்க ஜன்னல்களின் விளிம்பெல்லாம் டேப் ஒட்டியிருந்தார். என் கையில் வெள்ளை உறை மாட்டிவிட்டு ஒன்றை உள்ளங்கையில் வைத்தார். மேடம், எனக்குத் தலை கிறுகிறுத்தது. அச்சு அசலாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பு வருமே, அப்படி வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"விக்கறதில்ல. மாத்திக்கறதும் இல்ல," என்றார். பெட்டியைத் திரும்ப வாங்கித் துடைத்து வைத்துவிட்டு, "சொந்தக்காரனா இருந்தா ஓட்டிப் பாக்கக் குடுப்பேன். சொந்தக்காரன் எங்கயும் ஓடிட மாட்டான்ல," என்றார்.

வீடு திரும்பும்போது என் கால் தரையில் பாவவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைவுக்கு வந்ததுபோல் இருந்தது.

அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அக்கா. செயற்கைப் பல் செய்கிற வேலை. ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு அவள் கையால் செய்தது. ஆனால் அவள் சிரித்தால் அதற்கு முன் எந்தப் பல் செட்டும் நிற்காது. அந்தச் சமயத்தில் கண்ணாடிக்கடைக்காரர் ஒருவர் முன்பல் ஒன்று கட்டிக்கொள்ள வந்து, பல் பொருந்திய பிறகும் வந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிறு இருவரும் மைதானத்துக்கு வந்தார்கள். அக்கா என் இன்னொரு காரை ஓட்டுகிறேன் என்று நேராகத் தண்ணீர் வாளிக்குள் விட்டாள். அவர் அதைக் கையை விட்டு எடுக்கப்போய்ச் சட்டையெல்லாம் நனைந்தார். இருவரும் நிற்க முடியாமல் புல்லில் உட்கார்ந்து சிரித்தார்கள். "டேய், வயித்த வலிக்குதுடா, அந்த ரிமோட்ட வாங்கிக்கயேன்," என்றாள் என்னிடம். நல்ல மனிதர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அவரிடம் கன்ட்ரோலர் எதுவும் இல்லை.

அவருக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்று நான் சொன்னதாக அக்கா உங்களிடம் சொல்லியிருப்பாள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் ஒரு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன், குழந்தை அப்பா என்று கூப்பிட்டது என்று மட்டும்தான் சொன்னேன். அது அவருடைய தங்கை குழந்தை. மாமா என்று கூப்பிட்டது. சாலைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும்போது காதில் சரியாக விழுவதில்லை.

அக்கா அவரிடம் போய் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற சுபாவம் அவளுக்கு இல்லை. எனக்கு அது தெரியும். நான்கு நாள் அவர் கண்ணில் படாமல் வேலைக்குப் போய் வந்தாள். ஐந்தாம் நாள் எக்ஸ்ரேக்காரரைப் பற்றிச் சொன்னேன்.

"ஆளு எப்படிடா?" என்று கேட்டாள்.

"பொருள எவ்வளவு பத்திரமா வச்சிருக்கார்னு வந்து பாருக்கா. ஆளையும் அப்படித்தான் வச்சுக்குவார்."

"நீ பாத்துச் சொன்னா சரிடா. நீதான் எதையும் நல்லா மோந்து பாத்து வாங்குவியே," என்று லேசாகச் சிரித்தாள்.

கல்யாணப் பதிவு முடிந்த அன்றே எக்ஸ்ரேக்காரர், இப்போது என் மாமா, இரண்டு பெட்டியையும் பஞ்சில் சுற்றி என்னிடம் கொடுத்தார். அடுத்த ஞாயிறு என் காரில் ஒன்றை மாட்டினேன். அதை எப்படிச் சொல்வது. விரல் நினைத்ததும் கார் போய்விட்டது, நான் அழுத்தியது பிறகுதான். முதல் வளைவில் எல்லோரையும் விட்டு விலகியது. கடைசிச் சுற்றில் நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். சங்கச் செயலாளர் என்னைத் தோளில் தூக்கினார். நான் அறுபத்தெட்டுக் கிலோ, அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பொழுதெல்லாம் மிதந்துகொண்டிருந்தேன். அக்காவும் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். மாமா அவளை அனுப்பவில்லை.

பிறகு அக்கா அடிக்கடி போன் செய்தாள். பல் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள். உடையில் பல் அச்சு எடுக்கும் மாவுத்தூள் ஒட்டி வருகிறதாம், மாமாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள், "ஒரே ஒரு ஜன்னல் மட்டும் தொறந்துக்கட்டுமான்னு அவர்கிட்ட நீ கேக்கறியாடா?" என்றாள்.

"தூசி வருமேக்கா," என்றேன்.

அவர் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார் என்பதை எல்லோரும் பெரிதாகப் பேசுகிறார்கள். அக்காவுக்கு அது புதிதாக இருந்திருக்கலாம். நான் முதல் நாளே பார்த்தேன். அந்த வீட்டில் எல்லா அறைக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம்தான். முன்பு அவரோடு வாழ்ந்து விட்டுப்போன பெண் ஒருத்தி உண்டு என்றும், அவள் ஜன்னல் வழியாகத்தான் போனாள் என்றும், அந்த டேப் அதற்குப் பிறகு ஒட்டியது என்றும் கீழ்வீட்டுக்காரர் அன்றைக்கே படியில் நிறுத்திச் சொன்னார். என் கண்ணில் அப்போதும் அந்த நீலம்தான் நின்றது. அந்த நேரத்தில் ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது கஷ்டம். ஆனால் கேட்டுக்கொண்டேன்.

போன மாதம் அக்கா ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். வந்ததும் ஜன்னலைத் திறந்து அங்கேயே நின்றாள்.

"கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சுக்கறேங்கறார்டா. அந்த ரெண்டு பெட்டியும் திரும்பி வந்துடணுமாம். சொந்தம் இல்லேன்னா பொருளும் இல்லையாம். வேற எதுவும் கேக்கல."

நான் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். "அது எரிஞ்சு போச்சுக்கா," என்றேன். "பந்தயத்தில. ரெண்டுமே."

அவள் என்னைத் திட்டவில்லை. "அடப்பாவமே, நீ எவ்வளவு ஆசையா வச்சிருந்த," என்றாள். என் தலையைத் தடவினாள்.

அவளுடைய பழைய அறையில் இப்போது என் மேஜையும் கருவிகளும் இருக்கின்றன, படுக்க இடம் இல்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார் என்று நானே பையைத் தூக்கிக்கொண்டு போய் மாமா வீட்டில் விட்டு வந்தேன். நான் படியிறங்கும்போது பின்னால் பூட்டும் சத்தம் கேட்டது.

போன ஞாயிறு கண்ணாடிக்கடைக்காரர் மைதானத்துக்கு வந்திருக்கிறார். நான் கவனிக்கவில்லை, முதலிடத்தில் இருந்தேன். அக்காவின் விவகாரம் உங்களிடம் வந்திருப்பது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. என் காருக்குள் நீலமாக மின்னியதை அவர் பார்த்துவிட்டு உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார். அவர் தொழில் அது, கண் நன்றாகத் தெரியும்.

ஆமாம், மேடம். இரண்டும் எரியவில்லை. இதோ, சட்டைப் பையில் இருக்கின்றன. வீட்டில் வைத்துவிட்டு வர மனம் ஒப்பவில்லை.

நீங்கள் சொல்வது புரிகிறது. இவற்றை மேஜைமேல் வைத்துவிட்டால் இன்று சாயங்காலமே அக்கா எங்கே வேண்டுமானாலும் போகலாம். வாசல் பெஞ்சில் மாமாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். நான் உள்ளே வரும்போது, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள். அவளைக் கொஞ்சம் கூப்பிடுங்கள், நானே பேசுகிறேன். அக்காவை எனக்குத் தெரியும். நான் கேட்டால், நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிடுவாள்.