பயறுப் பானையில் கொழுப்பு

– பேச்சை மாத்தாதே ஓதிலியா. நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரலை.

– உன் வயித்துல குழாயை மாட்டிக்கிட்டிருக்கேன், வாயை மூடு கிழவா. எச்சில் தெறிச்சா வயித்துக்குள்ள சீழ் பிடிக்கும், போன தடவை பட்டது போதும். ம்… ஆச்சு. பையை ஆணியில தொங்கவிட்டாச்சு. இறங்குதா?

– இறங்குது. குளுகுளுன்னு.

– இனி பை காலியாகிற வரைக்கும் நீ எழுந்திருக்க முடியாது. இப்பக் கேளு என்ன கேக்கணுமோ.

– உன் கவுன் ஏன் தோள்ல நிக்க மாட்டேங்குது?

– பழசு. துவைச்சுத் துவைச்சுத் தொளதொளன்னு ஆயிடுச்சு.

– நம்ம மக யெசேனியா கல்யாணத்துக்குத் தைச்சது. அன்னிக்கு ஜிப்பை ஏத்த ரெண்டு பொம்பளைங்க வேண்டியிருந்துச்சு, நீயே சொல்லிச் சொல்லிச் சிரிச்சே.

– சரி, இளைச்சிருக்கேன். அதுக்குத்தானே விடியறதுக்கு முன்னாடி லெம்பா ஆத்துக் கரை வரைக்கும் நடக்குறேன்? நாய் துரத்துது. கரும்பு வெட்டுக்குப் போற பசங்க, 'அத்தை, கடல் இன்னும் தூரம் இருக்கு, இப்பவே மூச்சு வாங்கலாமா?'ன்னு லாரியில இருந்து கத்துறானுங்க. இவ்வளவு மானத்தையும் வித்துட்டு இளைக்காம இருந்தா எப்படி?

– மழைக்காலம் பூரா நடந்தே. ஒரு பிடி குறையலை. இங்கத்து ஆஸ்பத்திரி நர்ஸு எல்லார் முன்னாடியும், 'ஒளிச்சுத் திங்கிறீங்களா அம்மா?'ன்னு கேட்டா. நீ வந்து அடுப்பு முன்னாடி உக்காந்து அழுதே. அடுப்பு அணைஞ்சதுகூடத் தெரியலை உனக்கு.

– அம்பது வயசு உடம்பு எவெலியோ. இருபதுல ஒரு வேளை பட்டினி கிடந்தா இடுப்பு தெரிஞ்சுச்சு. இப்பத் தண்ணி குடிச்சாலும் போய் வயித்துல உக்காந்துக்குது. சோடாவை விட்டேன். இனிப்பு ரொட்டியை விட்டேன். இளைக்க வைக்கும்னு சொன்ன அந்த அன்னாசி சூப்பு குடிச்சு ரெண்டு நாள் கக்கூஸே கதின்னு கிடந்தேன். அப்பயும் தராசு முள்ளு கல்லு மாதிரி நின்னுச்சு.

– அப்படிப்பட்ட உடம்பு இப்ப மட்டும் எப்படிக் கரையுது?

– கரையுது. விடேன்.

– விட மாட்டேன். கொட்டில்ல அந்த வெள்ளைக்காரி ஏன் இன்னிக்கு இப்படி உறுமுறா? குரலே மாறிப்போச்சு.

– பன்னின்னா உறுமத்தான் செய்யும். இப்ப யாரு பேச்சை மாத்துறது?

– எனக்குச் சொல்லவே பயமா இருக்குடி. அதான் சுத்திச் சுத்தி வரேன். கரும்புக்காட்டுல காரணமில்லாம ஒருத்தன் இளைச்சா அதுக்கு ஒரே காரணந்தான். என் அண்ணன் பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டப்ப, 'மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டே'ன்னு கேலி பண்ணினோம். அடுத்த வெட்டுக்கு அவன் இல்லை. அப்புறம் நம்ம புள்ள வில்பெர். அப்புறம் நான்.

– நான் கரும்பு வெட்டினவ இல்லை.

– வெட்டினவனுக்குச் சோறு சுமந்தவ. அதே வெயிலு, அதே கிணத்துத் தண்ணி, அதே பூச்சிமருந்துக் காத்து. யாருக்கு வரும், ஏன் வருதுன்னு டாக்டருங்களே கையை விரிக்கிறாங்க. உனக்கும் கிட்னி போயிடுச்சா ஓதிலியா? அதைத்தான் கேக்குறேன்.

– அசையாதே, குழாய் மடங்குது.

– மடங்கட்டும். கிட்னிக்குப் பதிலா ரத்தத்தைக் கழுவ வயித்துல ஊத்துற இதுவும் சர்க்கரைத் தண்ணிதானாம், நர்ஸு சொன்னா. ஆயுசு பூரா கரும்பு வெட்டினேன், அது செத்தாலும் விடாது போல. வயித்துக்குள்ளயே வந்து குடியிருக்கு.

– அப்படிப் பேசாதே.

– அப்ப பதில் சொல்லு. போன வாரம் தலைநகரத்துப் பெரியாஸ்பத்திரியில ரத்தம் எடுத்தாங்களே, என்ன சொன்னாங்க? வந்ததுலேர்ந்து வாயே திறக்கலை நீ.

– முதல்ல நீ சொல்லு. இளைச்சதை நோய்னு ஏன் அடிச்சுச் சொல்றே? நடந்து இளைச்சிருக்கக் கூடாதா?

– கூடாது. இளைக்கவே முடியாது.

– ஏன் எவெலியோ?

– நான் விடலை. நீ இளைக்கக் கூடாதுன்னு நான்தான்… நீ நடக்கப் போனதும் எழுந்து போய், உன் பயறுப் பானையில பன்னிக் கொழுப்பைப் போட்டுக் கிண்டினேன். ஒரு கரண்டி இல்லை, கை நிறைய. உன் சோள ரொட்டி மாவுலயும் பிசைஞ்சேன்.

– எப்பத்துலேர்ந்து?

– நீ எடையைக் குறைச்சா உன் கிட்னி ஒண்ணை எடுத்து எனக்கு வைக்கலாம்னு டாக்டர் சொன்ன மறுநாள்லேர்ந்து. எல்லார் முன்னாடியும் அந்த நர்ஸு உன்னைத் திருடின்னு கேட்டப்ப, திருடன் நான் இந்தக் கட்டில்லதான் படுத்திருந்தேன். நீ அழுதே. எனக்கு வெக்கமாவும் இருந்துச்சு, நிம்மதியாவும் இருந்துச்சு. பாவி நான், ரெண்டும் இருந்துச்சு.

– ஏன் இப்படிப் பண்ணினே?

– இந்த வீட்டுல ஓட்டை விழாத உடம்பு உன்னது ஒண்ணுதான். நான் எப்படியும் போற ஆளு. உன்னை அறுத்து எனக்கு வச்சு, அதுவும் ஒட்டாமப் போச்சுன்னா? யெசேனியா ஒரே வருஷத்துல அப்பனையும் ஆத்தாளையும் புதைக்கணுமா?

– வில்பெருக்குக் கொடுக்கறேன்னு போய் நின்னேன். 'எடை அதிகம், குறைச்சுட்டு வாங்க அம்மா'ன்னாங்க. குறைச்சுக்கிட்டே இருந்தேன். பாதி குறைக்கிறதுக்குள்ள அவனுக்குச் சவப்பெட்டி வந்துடுச்சு. என் சதை என் புள்ளையைத் தின்னுச்சு எவெலியோ. அது உனக்குத் தெரியும்ல?

– தெரியும். ராத்திரி நீ உன் வயித்தை நீயே குத்திக்கிறதைப் பார்த்திருக்கேன்.

– பார்த்துட்டுமா பானையில கொழுப்பைப் போட்டே?

– பார்த்துட்டும்தான் போட்டேன். செத்தவனைவிட இருக்கறவ முக்கியம்னு போட்டேன். திட்டு. அடி. ஆனா நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. அவ்வளவு கொழுப்பையும் தின்னும் நீ உருகிப் போறேன்னா, இது அந்த நோய்தானே? வேற என்னவா இருக்கும்? எந்தக் கட்டத்துல இருக்கு?

– ஏன் அழுறே? கண்ணைத் தொடைக்காதே, கை சுத்தமா இல்லை. இரு, நான் தொடைக்கிறேன்.

– கால் வீங்குதா? மூத்திரத்துல நுரை வருதா?

– ஒண்ணும் இல்லை கிழவா. ரெண்டு கிட்னியும் புதுசாட்டம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. எடையும் அவங்க கேட்ட அளவுக்கு வந்துடுச்சு. ரத்தமும் உனக்குப் பொருந்துது. வர்ற செவ்வாக்கிழமை ரெண்டு பேரையும் ஆபரேஷனுக்கு வந்து படுக்கச் சொல்லியிருக்காங்க. பையை மாட்டினப்புறம் சொல்லலாம்னு வச்சிருந்தேன், எழுந்து ஓட முடியாதுல்ல.

– பொய். என் மனசு ஆறட்டும்னு பொய் சொல்றே.

– வில்பெர் மேல சத்தியம்.

– அவன் பேரை இழுக்காதே! நீ தட்டை எடுத்துக்கிட்டுக் கொல்லைப்பக்கம் போவே, காலித் தட்டோட வருவே. தெனம் பார்த்துக்கிட்டுத்தானே படுத்திருக்கேன். ஒரு பயறு மிஞ்சினதில்லை. அத்தனை கொழுப்பும் அப்ப எங்கடி போச்சு?

– அந்த நர்ஸு கேட்ட அன்னிக்கு, அழுது முடிச்சுப் பானையைத் திறந்தேன். பயறு கல்யாண வீட்டுப் பயறாட்டம் மினுங்குச்சு. அப்பவே புரிஞ்சுபோச்சு. கேட்டிருந்தா அழுதிருப்பே, அப்புறம் வேற வழி தேடியிருப்பே. அதான் கேக்கலை. அன்னிலேர்ந்து நீ பாதி தின்னுட்டு வைக்கிற உப்பில்லாச் சோறுதான் எனக்குச் சாப்பாடு. நீ கிண்டிக் கிண்டி வச்சதையெல்லாம் வெள்ளைக்காரிதான் தின்னா. பை காலியானதும் கொட்டில் பக்கம் எட்டிப் பாரு, எழுந்திருக்க முடியாமப் படுத்துக்கிட்டு உறுமுறா.