தலைமாட்டில் பதினான்கு ஜோடி பூட்ஸ்

அவைத்தலைவர் தூர்பியோர்ன் அவர்களே, நகராட்சி உறுப்பினர்களே, மழையில் நனைந்து வந்திருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்த கையோடு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, இந்த ராக்ன்ஹில்ட் சேற்று பூட்ஸோடு மேடையேறிவிட்டாளே என்று முகம் சுளிக்கும் அன்பர்களே! அனைவருக்கும் வணக்கம்.

இருபத்தாறு ஆண்டுகளாக இந்தப் பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தை நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டேன், முட்டிக் காயத்துக்கு மருந்திட்டேன், ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. இன்று முழங்க வந்திருக்கிறேன்! காரணம், நகராட்சி அனுப்பிய ஒரு கடிதம்.

"ரீமாஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமி, மதியத் தூக்க நேரத்தில் பிற பிள்ளைகளின் பூட்ஸைத் திருடுகிறாள். தொடர்ந்தால் அவளுடைய இடம் ரத்து செய்யப்படும்."

திருட்டாம்! திருடி எங்கே கொண்டுபோனாள்? கடைக்கா? சந்தைக்கா? வாசலறையில் கழற்றிய பூட்ஸை ஜோடி ஜோடியாகத் தூக்கிவந்து, அந்தந்தப் பிள்ளையின் தலைமாட்டில் வைத்தாள் ஐயா! ஒரு ஜோடியாவது மாறியதா? இல்லை. எது யாருடையது என்று எனக்கே இன்றுவரை தெரியாது.

என்ன, பின்வரிசையில்? தரை அழுக்காகுமா? ஆகும். உங்கள் மகன் ஸ்வெர்ரேயும்தான் தினமும் அதில் கஞ்சி கொட்டுகிறான். உட்காருங்கள்.

நான் மட்டும் யோக்கியமா? வாசலறையைப் பூட்டினேன். மற்ற பதினான்கு பிள்ளைகளும் தூங்கினார்கள். அவள் மட்டும் பாயில் உட்கார்ந்து கதவையே பார்த்திருந்தாள். ஒன்பது நாள்! பத்தாம் நாள்தான் அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

"ஏண்டி செல்லம், பூட்ஸ் எதுக்கு?"

அசடைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "வெறுங்கால்ல எப்படி ஓடுவாங்க? கண்ணாடி குத்தும்ல?"

சிரியாவில் வீடு இடிந்தபோது அவளுடைய அண்ணன் வெறுங்காலோடு ஓடினானாம். தாய் ஹனான் அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அன்பர்களே! இடிபாட்டிலிருந்து தப்பிவந்த குழந்தை, தன் தூக்கத்தை விட்டு நம் பிள்ளைகளுக்குக் காவல் இருந்தது. அதற்கு நாம் திருட்டு என்று பெயர் வைத்தோம்!

பூட்டைத் திறந்தேன். பூட்ஸ் வைக்கப் பாய்க்குப் பாய் ஒரு தட்டு வைத்தேன். பதினான்கு ஜோடியையும் வைத்து முடித்தவள், கடைசியாக என் பூட்ஸை இழுத்துவந்து காலடியில் போட்டாள்.

"ராக்ன்ஹில்ட், நீ மெதுவாத்தான் ஓடுவ. நீ இப்பவே மாட்டிக்கோ."

மாட்டிக்கொண்டேன். அவள் படுத்தாள். வந்த நாளிலிருந்து முதல்முறையாக, தூங்கினாள்.

அந்தக் கடிதத்தை இங்கேயே கிழியுங்கள், தலைவர் அவர்களே! தரையை நான் துடைக்கிறேன். பொறுமையாகக் கேட்டவர்களுக்கும் நெளிந்தபடி கேட்டவர்களுக்கும் நன்றி. அவள் கழற்றச் சொல்லும்வரை இந்த பூட்ஸ் என் காலில்தான் இருக்கும். வணக்கம்.