மூன்று கீல்

— நில்லுங்க மாமா. இன்னும் ஒரு அடி வெச்சீங்கன்னா சுட்டுடுவேன்.

— சுடு மாப்ள. அப்புறம் உங்க அக்காகிட்ட நீயே போய்ச் சொல்லு, உன் புருஷனைச் சுட்டுட்டேன்னு.

— வெளையாடாதீங்க, சொன்னாக் கேளுங்க. இது சர்க்கார் கிடங்கு. இந்தச் சந்துக்குள்ள ஈ காக்கா வரக் கூடாதுன்னு உத்தரவு. கையில என்ன அது?

— சுத்தியல், உளி. இந்தப் பின்கதவைப் பேத்தெடுக்க வந்திருக்கேன்.

— பேத்தெடுக்கவா? எவனோ ரெண்டு கதவையும் சேத்து வெல்டிங்ல பத்தவெச்சிட்டுப் போயிருக்கான் மாமா. மத்தியானம் காவல் மாத்தி வந்தப்பதான் நானே பாத்தேன். உள்ள சனம் முட்டுது, கதவு அசையக்கூட மாட்டேங்குது. எவன் வேலைன்னு தெரியல.

— என் வேலைதான்.

— என்ன சொல்றீங்க?

— விடியறதுக்கு முன்னால வண்டி அனுப்பிக் கூட்டிட்டு வந்தாங்க. ஜெனரேட்டர் போட்டுக் குடுத்தாங்க. நாலு டேக் அடிச்சாப் போதும்யா, நாலே நாலு புள்ளின்னு அந்த ஆபீசர் தலைப்பாடா அடிச்சுக்கிட்டான். நான் கேக்கல. மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே இழுப்பா இழுத்துவிட்டேன். நான் பத்தவெச்சதை எவனோ தள்ளித் தெறந்துட்டான்னு பேர் வரக் கூடாதாம். அவ்வளவு திமிரு. நாலு புள்ளியா இருந்தா இந்நேரம் உள்ள இருக்கிறவங்க தோளாலயே பிச்சிருப்பாங்க.

— இப்ப வந்து என்ன பண்ணப் போறீங்க?

— வந்த வேலையப் பாக்கப் போறேன். துப்பாக்கிய அந்தப் பக்கம் திருப்பு.

— முன்பக்கம் அரை மணி நேரமா சுட்டுக்கிட்டு இருக்காங்க மாமா. உங்களையும் இங்க பாத்தா முடிச்சிருவாங்க.

— பட்டறை வரைக்கும் சத்தம் கேட்டுச்சு. ஏன்டா சுடுறீங்க? மாவுக்கு வரிசை வாரக்கணக்கா நிக்குது. ஒரு நாள் ஒருத்தர் கல்லெடுத்தாங்களா?

— காலையிலகூட ஒழுங்காத்தான் நின்னாங்க. எவளோ ஒருத்தி தலையில சர்க்கார் முத்திரை போட்ட மாவு மூட்டையோட முன்வாசல்ல வந்து நின்னாளாம். வயர்லெஸ்ல சொன்னாங்க. மாவு குடுக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு மொத்தக் கூட்டமும் கேட்டைச் சாச்சுட்டு உள்ள போயிருச்சு. அப்புறம்தான் உத்தரவு வந்துச்சு.

— வேலியே பயிரை மேயுறதுக்கு ஒரு உத்தரவு வேறயா. என்னத்தச் சொல்ல. தள்ளு.

— உளிய வெச்சு ஆறடி எப்படிப் பேப்பீங்க? உங்க இரும்பு அறுக்கிற கிரைண்டர் எங்க?

— கரண்டு போயி நாலு நாளாச்சு, உனக்குத் தெரியாதா? கேஸ்ல அறுக்கலாம்னா ஆக்சிஜன் சிலிண்டர் மொத்தத்தையும் ஆஸ்பத்திரிக்காரங்க வந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. கை மட்டும்தான் மிச்சம்.

— கூலி என்ன குடுத்தாங்க?

— ஒரு மூட்டை மாவு.

— முத்திரை போட்டதா? சீட்டு குடுத்தாங்களா?

— சீட்டா? தூக்கிட்டுப் போடான்னாங்க, தூக்கிட்டு வந்துட்டேன்.

— மாமா, சீட்டு இல்லாம முத்திரை மூட்டை வீட்ல இருந்தா விசாரணையே கிடையாது. நேத்து கண்ணாடிக் கடைக்காரரை அவர் வாசல்லயே நிக்க வெச்சுச் சுட்டாங்க. பொண்டாட்டி பாத்துக்கிட்டு நின்னாங்க.

— வீட்ல இல்ல. பட்டறையில, தார்ப்பாய்க்கு அடியில வெச்சிருக்கேன். உங்க அக்காவுக்குக்கூட நான் சொல்லல. சொன்னா, எதுக்குக் குடுத்தாங்கன்னு கேப்பா.

— அங்க யாரு பேசுறது? கதவுக்கு வெளிய யாரு? தம்பி, நீயாடா?

— அக்கா?

— டேய், தெறடா. பின்வாசல்ல நான்தான் நிப்பேன், அடிதடின்னா அங்க ஓடி வான்னு நேத்து நீதானடா சொன்ன? உன் பேச்சை நம்பி நூறு பேரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.

— அக்கா, நீ உள்ளயா இருக்க? ஐயோ, நீ எப்ப வந்த?

— அதெல்லாம் அப்புறம். மொதல்ல தெற.

— இவளே, நான் பேசுறேன். நானும் இங்கதான் இருக்கேன்.

— ஏங்க, நீங்களா? நீங்க எதுக்கு வந்தீங்க? புள்ளைங்க யார்கிட்ட இருக்கு?

— பக்கத்து வீட்ல. உனக்கு ஒண்ணும் ஆகலயே?

— எனக்கு ஒண்ணும் இல்ல. கதவு ஓரத்துல ஒரு விரல் இடுக்கு இருக்கு, அதுல வாய வெச்சுத்தான் பேசுறேன். என்மேல மூணு பேர் சாஞ்சிருக்காங்க. எனக்கு இடது பக்கம் தையல்காரி நின்னுக்கிட்டே செத்துட்டா. விழறதுக்குக்கூட எடமில்ல. தபால்காரருக்குக் கழுத்துல பட்டிருக்கு, மூச்சு விட்டா விசில் மாதிரி சத்தம் வருது.

— பேசாத. மூச்சை மிச்சம் புடி.

— எந்தக் கேடுகெட்டவன்ங்க இதைப் பத்தவெச்சது? அவன் கை அழுகிப் போக. அவன் பெத்ததுங்க பச்சத் தண்ணிக்கு அலைய.

— மாமா, மெதுவா. அக்காவுக்கு நீங்கதான்னு...

— அழுகட்டும் இவளே. அவன் கை அழுகட்டும். நீ இப்ப சும்மா இரு. மாப்ள, இந்தப் பக்கம் வா. கீலைப் பாரு.

— எந்தக் கீல்?

— இடது கதவு. மூணு கீலும் வெளிப்பக்கம்தான் இருக்கு. கீலையும் சேத்துப் பத்தவைன்னு அந்த ஆபீசர் சொன்னான். அதுக்குள்ள வெல்டிங் ராடு தீந்துபோச்சு. கப்பல் வந்து மூணு மாசமாச்சு, ராடுக்கு நான் எங்க போறது? அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். கீல்ல இருக்கிற கம்பிய உருவிட்டா ரெண்டு கதவும் ஒரே தகடா வலது பக்கமா திரும்பிரும்.

— உருவ எவ்வளவு நேரம் ஆகும்?

— நீ வாய மூடிக்கிட்டு உளியப் புடிச்சா சீக்கிரம் ஆகும்.

— தம்பி, டேய் தம்பி, ஒண்ணு சொல்லணும். இங்க முன்வரிசை மட்டும்தான்டா மாவு. அதுக்குப் பின்னால கூரை வரைக்கும் ஓட்டுப் பெட்டி அடுக்கி வெச்சிருக்காங்க.

— என்ன பெட்டி?

— ஓட்டுப் பெட்டிடா. அரக்குகூட ஒடைக்கல. நம்ம பள்ளிக்கூடத்துப் பேர் எழுதின பெட்டி மேலதான் ஒரு பெரியவர் சாஞ்சு கெடக்குறார், ரத்தம் அதுமேலதான் ஓடுது.

— போன எலெக்சன் ஓட்டை எண்ணி முடிச்சு ஆறு மாசம் ஆச்சேக்கா. ரேடியோவுல சொன்னாங்களே.

— எதை எண்ணினாங்களோ. நீயும் உடுப்பைப் போட்டுக்கிட்டு வெயில்ல வரிசையில நின்னியே. உன் ஓட்டும் இங்கதான்டா இருக்கு.

— மாவுக்குக் காவல்னு சொன்னாங்க மாமா. சத்தியமா மாவுக்குன்னுதான் சொன்னாங்க.

— மொதக் கம்பி வந்துருச்சு. உளியைக் கீழ இறக்கு. இனி உளிய நான் புடிக்கிறேன், நீ சுத்தியலை எடு.

— வயர்லெஸ்ல பேசுறாங்க. இருங்க.

— என்னவாம்?

— கிடங்கைக் கொளுத்தச் சொல்லியாச்சாம். கூட்டம்தான் கொளுத்துச்சுன்னு எழுதிக்குவாங்களாம். பின்கதவு வழியா ஒருத்தரும் வெளிய வரக் கூடாது, வந்தா சுடுன்னு எனக்கு உத்தரவு.

— ஆம்புலன்ஸுக்கு ஊத்த பெட்ரோல் இல்ல. எரிக்க மட்டும் எங்கேர்ந்துடா வருது? அடி, ஓங்கி அடி. ரெண்டாவதும் வருது.

— ஏங்க, முன்வாசல் பக்கம் பெட்ரோல் வாடை அடிக்குது. சனம் எல்லாம் இந்தப் பக்கமே நெருக்குது. எனக்குக் காலு தரையில படல.

— மூணாவதுதான் இவளே. ஒண்ணே ஒண்ணு.

— மாமா, சந்து முனையில ரெண்டு பேர் வர்றாங்க. எனக்குப் பின்னால ஒதுங்குங்க.

— யாரு, உன் ஆளுங்களா?

— முன்னால வர்றது குட்டையன். கையில கேன் வெச்சிருக்கான். டேய் குட்டையா, நில்லுடா. கேனை அங்கேயே வை. என் அக்கா உள்ள இருக்காடா. சொன்னாக் கேளு, இன்னும் கிட்ட வராத. நான் வெளையாடல.

— மாப்ள, அவன் துப்பாக்கிய எடுக்குறான்.

— காதைப் பொத்திக்குங்க மாமா.

— தம்பி, என்னடா சத்தம்? யாரு சுட்டது? ஏங்க, தம்பிக்கு என்ன ஆச்சு?

— அவனுக்கு ஒண்ணும் இல்ல இவளே. அவன்தான் சுட்டான்.

— விழுந்துட்டான். இன்னொருத்தன் ஓடிட்டான்.

— செத்துட்டானா?

— காலைப் பாத்துத்தான் அடிச்சேன். அவன் குனிஞ்சுட்டான். முகாம்ல என் பக்கத்துக் கட்டில்காரன் மாமா. அவன் சோப்பைப் போட்டுத்தான் காலையில நான் குளிச்சேன்.

— அழுவுறதை அப்புறம் வெச்சுக்கலாம். ஓடினவன் பத்து பேரோட வருவான். கடைசிக் கம்பி துரு புடிச்சு நிக்குது, உளிக்கு மசியல. நெம்பணும். துப்பாக்கிய இங்க குடு.

— குழல் வளைஞ்சிரும்.

— வளையட்டும். இதுக்கு மேல யாரைச் சுடப் போற நீ?

— இந்தாங்க. கொஞ்சம் கீழ குடுத்து நெம்புங்க. நானும் புடிக்கிறேன்.

— அசைய மாட்டேங்குது. உள்ளேர்ந்து சனத்தோட பாரம் மொத்தமும் இந்தக் கீல்மேல நிக்குது. இவளே, கேக்குதா? எல்லாரையும் ஒரு சாண் பின்னால போகச் சொல்லு.

— பின்னால தீ புடிச்சிருச்சுங்க. பின்னால எரியுது. யாரு போவா?

— போனாத்தான் கதவு வரும். நீ சொன்னா கேப்பாங்க. தெருக் குழாயடியில அத்தனை பேரையும் அதட்டி நிக்க வெப்பியே, அந்த வாய் எங்க போச்சு?

— நல்லாருக்கே, இப்பதான் என் வாயோட அருமை தெரியுதா. ஏய், எல்லாரும் கேளுங்க. வெளிய நிக்கிறது என் புருஷன். இரும்பு அந்தாளு சொன்னபடி கேக்கும். ஒரே ஒரு அடி பின்னால போங்க. ஒரு மூச்சு நேரம். யாரு மொதல்ல போறீங்க? வாத்தியாரம்மா, நீங்க போங்க. போங்கம்மா, நான் உங்க கையப் புடிச்சிருக்கேன்.

— மாமா, சட்டம் அசையுது.

— நெம்பு. உன் முழு எடையப் போட்டு நெம்பு.

— துப்பாக்கி ஒடையுது.

— ஒடையட்டும். வந்துருச்சு. கம்பி வந்துருச்சு. தள்ளுங்க, உள்ள இருக்கிறவங்க எல்லாரும் இப்பத் தள்ளுங்க. மாப்ள, நீ நகரு.

— மிதிக்காதீங்க. வலது பக்கம் ஓடுங்க, வாய்க்கால் பக்கம். கொழந்தைய இப்படிக் குடுங்கம்மா. திரும்பிப் பாக்காம ஓடுங்க.

— அவ எங்கடா? உங்க அக்கா எங்க?

— புகையில ஒண்ணும் தெரியல. அக்கா.

— இங்க இருக்கேன்டா. என்னால எந்திரிக்க முடியல. காலைப் புடிச்சு இழு.

— புடிச்சுட்டேன். மாமா, தோளப் புடிங்க. தூக்குங்க.

— இவளே, இங்க பாரு. கண்ணை மூடாத. எங்க பட்டிருக்கு?

— விலாவுல. பேச முடியுதே, ஆழமா இருக்காது. தம்பி, முகத்தைத் தொடச்சுக்கடா. ரத்தம்.

— என்னுது இல்லக்கா.

— இவளே, உன் தலையெல்லாம் என்ன வெள்ளையா? சாம்பலா?

— மாவுங்க. மொதக் குண்டு மூட்டையிலதான் பட்டுச்சு. அப்படியே என் தலைமேல கொட்டிருச்சு.

— எந்த மூட்டை?

— அக்கா, முன்வாசல்ல மூட்டையோட நின்னவ நீயா?

— சனம் இப்படிப் பாயும்னு நான் கண்டேனாடா? உன் மாமாவுக்குச் சாப்பாடு குடுக்கப் பட்டறைக்குப் போனேன். ஆளக் காணோம். தார்ப்பாய்க்கு அடியில முத்திரையோட மூட்டை இருந்துச்சு. கண்ணாடிக் கடைக்காரர் கதிதான் இவருக்கும்னு நெனச்சேன். உன்னைக் கூப்பிட்டு, எடுத்த எடத்துலயே சத்தமில்லாம வெச்சிருடான்னு சொல்லத்தான் தூக்கிட்டு வந்தேன். பின்சந்துல யாரையும் விட மாட்டாங்கன்னு முன்வாசலுக்குப் போனேன்.

— நான் திருடினேன்னா நெனச்ச?

— புள்ளைங்க பசியப் பொறுக்க முடியாம எடுத்துட்டீங்கன்னு நெனச்சேன். கோவப்படலங்க. உங்களைச் சுட்டுருவாங்களேன்னுதான் பயந்தேன்.

— திருடல இவளே. நம்ம புள்ளைங்க மேல சத்தியமா திருடல.

— அப்ப எப்படி வந்துச்சு?

— கூலியாக் குடுத்தாங்க.

— என்ன வேலைக்குங்க?